மலருக்கு அம்மா எழுதுவது

கண்ணு மலர்,

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் நின்னுபோய், "பிசிம்மா"ன்னு மெசேஜ் மட்டும் வருது. அப்பாகிட்ட வேலை அதிகம்னு சொல்லி வச்சிருக்கேன். உங்க மாவட்டத்துல நடந்த குழந்தைத் திருமணம் பத்தின செய்தி ஒண்ணு பேப்பர்ல பாத்தேன். அதைப் பத்தி எதுவும் கேக்கல.

பொதுவா சொல்றேன். பெத்தவங்ககிட்ட "கல்யாணம் பண்ண மாட்டோம்"னு எழுதி வாங்கிட்டா குழந்தைத் திருமணம் நின்னதா நினைக்கக் கூடாது. மண்டபத்துல நின்ன கல்யாணம் மாவட்டம் தாண்டி ஏதாவது கோயில்ல விடியக்காலையில நடந்துடும். பத்திரிகை அடிச்சு, கடன்பட்டு நிக்கிறவங்களுக்கு ஒரு காகிதம் தடையில்ல. 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துல 13-ஆம் பிரிவை வச்சதே அதுக்குத்தான். மாஜிஸ்திரேட்கிட்ட தடையாணை வாங்கிட்டா, மீறிக் கட்டின தாலி 14-ஆம் பிரிவுப்படி செல்லவே செல்லாது. வயசுச் சான்று கையில இருக்கணும்: முதல்ல பள்ளிக்கூடச் சான்று, அது இல்லேன்னா பிறப்புச் சான்று, ரெண்டும் இல்லேன்னாதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையில கிடையாது. எழுதி வாங்கினதோட விடாதே, தடையாணை கேளு. நீ தெரிஞ்சவதான், ஆனாலும் சொல்றேன்.

கல்யாணம் நடந்தே போயிருந்தாலும் ஃபைலை மூடிடாதே. 3-ஆம் பிரிவுல ரத்து கேட்க அந்தப் பொண்ணுக்கு 18 முடிஞ்சும் ரெண்டு வருஷம் டைம் இருக்கு. 18 ஆகறதுக்கு முன்னாடியே மனு போடறதுன்னா காப்பாளரோ நெருங்கினவங்களோ, சமூகநல அலுவலரோட சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்துல போடணும். ஆனா அது அவ முடிவா இருக்கணும். ஜீப்புல போய் இறங்கினா மாமியார் பக்கத்துலயே உக்காந்துடுவாங்க, பொண்ணு வாய் திறக்காது. கிராம சுகாதார நர்ஸ் வழக்கமாப் போற நாள்ல கூடப் போ. நோட்டை மூடி வச்சுட்டு, முதல்ல படிப்பைப் பத்தி மட்டும் பேசு. அன்னிக்கு ராத்திரியே எழுதிடு: அவ சொன்னது அவ வார்த்தையில ஒரு பக்கம், நீ ஊகிச்சது தனியா இன்னொரு பக்கம். ரெண்டும் கலந்துட்டா கோர்ட்டுல நிக்காது.

எம்.எஸ்.டபிள்யூ, அதான் சமூகப்பணி முதுகலை படிக்கிற பொண்ணுங்க உங்கிட்ட ஃபீல்ட் வொர்க் வர்றதா மாமா சொன்னார். ரொம்பப் பெருமையா இருந்துச்சு, நீயே சொல்லியிருக்கலாம். இந்த மாதிரி வீட்டுக்கு அவங்களை உடனே கூட்டிப் போகாதே. ஹெச்.எம்., அங்கன்வாடி டீச்சர், பஞ்சாயத்துத் தலைவர் மூணு பேரையும் பாத்துட்டு வரச் சொல்லு. எந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் வரலைன்னு முதல்ல தெரியறது அவங்களுக்குத்தான். தேதி வைக்கிறதுக்கு முன்னாடியே கல்யாணத்தைப் பிடிக்க அதுதான் வழி. அந்த மாணவிங்க எழுதற ரிப்போர்ட்டை வாரா வாரம் உக்காந்து படி. "பேசினேன், ஆறுதல் சொன்னேன்"னு எழுதினா திருப்பிக் குடு. என்ன கேட்டே, அவ என்ன சொன்னா, அப்புறம் நீ என்ன சொன்னேன்னு வரிவரியா வரணும்.

அந்த மாணவிங்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் குடுக்கற உனக்கு, உக்காந்து பேச யார் இருக்காங்க? இதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். மாவட்டம் முழுசுக்கும் வர்ற கேஸை ஒருத்தி மனசுலயே தூக்கிட்டுத் திரிஞ்சா அடுத்த பொண்ணைப் பாக்கும்போது காது அடைச்சுக்கும். அது உன் குறை இல்ல, வேலை அப்படி. உங்க அதிகாரி நேரம் தரலேன்னா, கூடப் படிச்சவங்க நாலு பேர் மாசம் ஒரு தடவையாவது உக்காருங்க.

மனு எழுதும்போது என்னைக் கூப்பிடு, எவ்வளவு நேரமானாலும் சரி. பொண்ணு பேரு, ஊரு எனக்குச் சொல்ல வேண்டாம். தேதிகளை மட்டும் வரிசையாச் சொல்லு, எது விட்டுப்போச்சுன்னு பாத்துடலாம்.

அம்மா