மலாவியில் பள்ளி நடத்தும் நண்பனுக்கு

பாறசாலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டோவா மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும், அதை நடத்தும் கிறிஸ்தவக் கல்வி அறக்கட்டளை உன்னிடம் ஒப்படைத்திருக்கும் ஆசிரியர் பயிற்சியைப் பற்றியும் நீ விரிவாக எழுதியிருந்ததால், அவசரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை. இங்கே எல்லோரும் சுகம். ஓய்வு பெற்ற பிறகு ரப்பரையும் வாழையையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் சொல்லிக்கொள்ளும்படியான வரும்படி இல்லை. மகளின் செய்தியைப் பின்னால் எழுதுகிறேன், அது உன் கேள்வியோடு சேர்ந்தது.

வெளிநாட்டுப் பணம் நின்றால் அந்தப் பள்ளி நிற்குமா என்று கேட்டிருக்கிறாய். கட்டிடங்களின் கணக்கைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆசிரியருக்கு மாதச் சம்பளத்தை யார், எதிலிருந்து கொடுக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். நம் ஊர்க் கதையே இதற்குச் சான்று. லண்டன் மிஷன் சங்கத்தின் (எல்.எம்.எஸ்.) மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்து மயிலாடியில் பணியைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவுக்கு மொஃபாட்டையும் லிவிங்ஸ்டனையும் அனுப்பியதும் அதே சங்கம்தான். மயிலாடியில் தொடங்கிய கல்வி வேலை பின்பு நாகர்கோவிலுக்கு மாறியபோது, பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் முயற்சியால் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் கொடுத்த 5,000 ரூபாயில் நெல்வயல்கள் வாங்கி, அவற்றின் வருமானத்தை அங்கிருந்த மிஷன் பள்ளியான செமினரியின் செலவுக்கு ஒதுக்கினார்கள். லண்டனிலிருந்து கப்பல் வர எத்தனை மாதமானாலும் இங்கே அறுப்பு நடந்துகொண்டிருக்கும் அல்லவா? 1819-இல் தொடங்கிய நாகர்கோவில் பெண்கள் பள்ளியின் சூழலில் மிஷனரி மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்களை அடிமைத்தளையிலிருந்து மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. தர்ம சிந்தனையோடு கணக்குப் புத்தியும் சேர்ந்து நடந்த காரியங்கள் இவை, ஆகையால்தான் நிலைத்தன என்பது என் எண்ணம்.

ஆனால் வயலும் லேஸும் நாடு முழுவதற்கும் போதாது. பள்ளிகள் பெருகியதும் அரசின் மானியம் வேண்டியிருந்தது, மானியம் வந்ததும் பள்ளியை நிர்வகிக்கும் தனியார் மேனேஜர்மார் வந்தார்கள். என் அப்பா உதவிபெறும் பள்ளி ஒன்றில் வாத்தியாராக இருந்தவர். முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதில் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அந்தக் காலத்தில் அது ஊர் அறிந்த வழக்கம். கல்வி மந்திரி முண்டசேரி கொண்டுவந்த, 1958-ஆம் ஆண்டின் கேரளக் கல்விச் சட்டம்தான், சம்பளத்தை அரசே நேரடியாக ஆசிரியர் கையில் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. அதை எதிர்த்துச் சபைகளும் நாயர் சமுதாயத் தலைமையும் நடத்திய விமோசன சமரம் என்ற விடுதலைப் போராட்டமும், 1959 ஜூலை 31-இல் கம்யூனிஸ்ட் மந்திரிசபை கலைக்கப்பட்டதும் உனக்குத் தெரிந்த வரலாறு. இன்றும் கேரளத்தில் அரசுப் பள்ளிகளைவிட உதவிபெறும் பள்ளிகளே எண்ணிக்கையில் அதிகம். நியமிப்பது மேனேஜர், சம்பளம் கொடுப்பது அரசு. என் மகள் வேலை கேட்டுப் போன இடத்தில் லட்சங்களில் நன்கொடை கேட்டார்கள். அரசுப் பணிக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதி அவள் அரசுப் பள்ளிக்குப் போய்விட்டாள். ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய நிறுவனம் இரண்டு தலைமுறையில் எப்படியெல்லாம் மாறக்கூடும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நியமன அதிகாரம் ஒரே கையில் சேராதபடி உங்கள் அறக்கட்டளை இப்போதே விதி எழுதிக்கொள்ளட்டும்.

மலாவியில் 1994-இல் தொடக்கக் கல்வி இலவசமானபோது, 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 30 லட்சத்தை எட்டியதென்றும், பயிற்சியில்லாத ஏறத்தாழ 20,000 பேரை அவசரமாக ஆசிரியராக எடுத்தார்களென்றும் நானும் படித்திருக்கிறேன். அந்த நெருக்கடி இன்னும் தீரவில்லை என்பதை, மரத்தடியில் நூறு பிள்ளைகளுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அரசுப் பள்ளி வகுப்பைப் பற்றி நீ எழுதியதிலிருந்து புரிந்துகொண்டேன். உங்கள் பள்ளியில் வகுப்புக்கு நாற்பது பேர் என்பது நல்லதுதான். ஆனால் பக்கத்து அரசுப் பள்ளியில் நன்றாகப் பாடம் நடத்தும் ஆசிரியரைக் கூடுதல் சம்பளம் காட்டி உங்கள் பள்ளிக்கு இழுத்தால், நாற்பது பிள்ளைகளுக்குச் செய்த நன்மை நூறு பிள்ளைகளுக்குத் தீங்காய் முடியும். அந்தப் பள்ளி ஆசிரியர்களையும் சனிக்கிழமைப் பயிற்சிக்கு அழைக்கலாமா என்று நீ தயக்கத்தோடு கேட்டிருந்தாய். தயங்காதே; உன் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த யோசனை அதுதான்.

பிள்ளையின் புகைப்படத்தைக் காட்டி ஒவ்வொருவருக்கும் வெளிநாட்டில் ஒரு புரவலரைத் தேடும் முறையில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஒரே பெஞ்சில் இருப்பவர்களில் ஒருவனுக்குப் பரிசுப் பொட்டலம் வரும், மற்றவனுக்கு வராது. இங்கே கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பின் வழியாக உதவி பெற்றுவந்த ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகளுக்கு, அரசு அந்தப் பணவரவைத் தடுத்ததால் 2017 மார்ச்சில் எல்லாம் நின்றுபோனது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மேலும் இறுக்கி, பணத்தைப் பெறும் அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அதைக் கைமாற்றக் கூடாது என்று ஆக்கியபோது, சிறிய அமைப்புகள் பல திண்டாடின. அரசின் நோக்கத்தைப் பற்றி உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு, அது கிடக்கட்டும். எந்த நாட்டிலும் ஒரு உத்தரவில் நிற்கக்கூடிய பணத்தை நம்பிப் பிள்ளையின் பத்து வருடப் படிப்பைத் தொடங்குபவர்கள், அது நின்றால் என்ன செய்வது என்பதையும் அன்றே எழுதிவைக்க வேண்டும்.

பிற மதப் பிள்ளைகளை வழிபாட்டில் சேர்க்கலாமா என்ற மத விஷயத்தைக் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாய். நானும் உன்னோடு எல்.எம்.எஸ். பள்ளியில் நெற்றியில் திருநீறோடு காலை ஜெபத்தில் நின்றவன்தான். யாரும் அதை அழிக்கச் சொன்னதில்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் எவரையும் அவர் சம்மதமின்றி வழிபாட்டில் சேர்க்கக் கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. உன் நாட்டிலேயே 2019-இல் பலாக்கா மாவட்டத்தில் ஓர் ஆங்கிலிக்கன் பள்ளியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளின் ஹிஜாபை வைத்துக் கைகலப்பு வரை போனது. அங்கே பல தொடக்கப் பள்ளிகள் சபைகளுக்குச் சொந்தமாகவும் சம்பளம் அரசினுடையதாகவும் இருப்பதால், பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்குப் போ என்று சொல்ல வழியில்லை. உங்கள் பள்ளி தனிப் பணத்தில் நடப்பது உண்மைதான், ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் அதுதான் நல்ல பள்ளி என்றால் அதே பொறுப்பு உங்களுக்கும் உண்டு. மிஷன் பள்ளிகள் பலருக்குக் கதவு திறந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கிருந்து தூரமில்லாத ஊருட்டம்பலத்தில் தாழ்த்தப்பட்ட புலயர் சாதியைச் சேர்ந்த பஞ்சமி என்ற சிறுமியை அரசுப் பள்ளியில் சேர்க்க, அச்சமூகத் தலைவர் அய்யன்காளி போராட வேண்டியிருந்தது. எதிர்த்தவர்கள் அந்தப் பள்ளிக்குத் தீயும் வைத்தார்கள். தர்மமாகக் கிடைத்த இடத்தில் பிள்ளை நன்றியோடு அடங்கி உட்காரும். உரிமையாகக் கிடைத்த இடத்தில் கேள்வி கேட்கும்.

பள்ளியை ஒட்டிய மக்காச்சோள நிலத்தை ஊர்த் தலைவர் தர இசைந்ததாக எழுதியிருந்தாய். பத்திரம் அறக்கட்டளையின் பெயரிலா, பெற்றோர் குழுவின் பெயரிலா என்று சொல்லவில்லை. பெற்றோர் குழுவுக்கும் பங்கு இருக்கும்படி எழுதச் சொல். விளைச்சலில் ஒரு ஆசிரியரின் சம்பளமாவது தேறுமா என்று கணக்குப் பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது. டிசம்பரில் நீ ஊருக்கு வருவதானால் அந்தக் கணக்கையும் கொண்டுவா, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்