ஒன்றரை மணிக்கு வகுப்பு முடிந்தால் எங்கே உட்காருவது?

நம் கல்லூரியில் படித்துப் போன அக்கா, தங்கச்சி, அண்ணன், தம்பி எல்லோருக்கும் வணக்கம்.

முதல் ஷிப்ட் ஒன்றரைக்கு முடிகிறது, மேற்கே இருக்கிற ஊர்களுக்கு டவுன் பஸ் நாலு மணிக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பையன்களுக்கு டீக்கடை இருந்தது. பெண்களுக்கு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கத்து வேப்பமரம், மழை வந்தால் மாடிப்படிக்குக் கீழே. இன்றைக்கும் அதே வேப்பமரம்தான். இரண்டாவது ஷிப்ட் பிள்ளைகள் வந்து வகுப்பறைகளில் உட்கார்ந்துவிடுவதால் உள்ளே இடமில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்து, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இந்த இரண்டாலும் வாசல் வரை வந்துவிட்ட பெண்கள் ஏன் இரண்டாம் வருஷத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று, நின்றுபோன சிலரின் வீட்டுக்கே போய்க் கேட்டோம். ஃபீஸ் என்று ஒருவரும் சொல்லவில்லை. கழிப்பறையில் தண்ணீர் வராததால் மாதத்தில் மூன்று நாள் வீட்டிலேயே இருந்துவிடுவேன், அதில் அட்டெண்டன்ஸ் போய்விட்டது என்றாள் ஒரு பெண். ஸ்காலர்ஷிப் தள்ளிப்போனதில் ரெக்கார்டு நோட்டு வாங்கக் காசில்லை, கேட்க வெட்கம், அப்படியே வராமல் இருந்துவிட்டேன் என்றாள் இன்னொருத்தி. மலையிலிருந்து வந்த பெண்ணுக்கு வகுப்பில் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லை.

இதை எழுதுகிற நானே அரியர் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி தெரியாமல் ஒரு வருஷத்தைத் தொலைத்தவள். தேதியைப் பலகையில் ஒட்டித்தான் இருந்தார்கள், ஆனால் அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவர் யாருமில்லை.

சரி, என்ன செய்யப்போகிறோம்? பின்பக்கத்துப் பழைய ஸ்டோர் ரூமை முதல்வர் தர ஒப்புக்கொண்டுவிட்டார். அதை வெள்ளையடித்து, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறை கட்டி, வாசலில் சாய்தளம் போட்டு (சக்கர நாற்காலியில் வருகிற தங்கச்சி இப்போது தோழிகள் தூக்கிவிடத்தான் படியேறுகிறாள்), பெஞ்சும் மின்விசிறியும் நாப்கின் மெஷினும் பழைய லேப்டாப் நான்கும் வைக்கப்போகிறோம். தினமும் மதியம் ஒரு அக்கா அங்கே இருப்பார். ஸ்காலர்ஷிப் விண்ணப்பமோ முதல் பட்டதாரி சான்றிதழோ பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கிற கல்லூரி உள் புகார் குழுவுக்கு எழுதவேண்டிய கடிதமோ, அவரிடம் கேட்கலாம். ஒன்றும் கேட்காமல் தூங்கவும் செய்யலாம். சனிக்கிழமைகளில் விண்ணப்ப வேலைக்குப் பையன்களும் வரலாம், அவர்களில் பலருக்கும் இதே நிலைமைதான்.

எங்கள் குழுவில் இருக்கிற ஓய்வுபெற்ற தமிழம்மா கூட்டத்துக்குக் கூட்டம் சகோதரி சுப்பலட்சுமியை இழுப்பார். சிறுவயதிலேயே விதவையாகி, 1911இல் பட்டம் வாங்கி, மறு வருஷமே சென்னையில் இளம் விதவைகளுக்காக ஒரு வீட்டில் விடுதி தொடங்கியவர். பின்னால் அது மெரினா கடற்கரையில் இருக்கிற ஐஸ் ஹவுஸ் என்ற பெரிய கட்டிடம் வரைக்கும் வளர்ந்தது. "அந்த அம்மா முதலில் பாடம் நடத்தவில்லை, இருக்க இடம் கொடுத்தாள்" என்பார். ஆயிரம் தடவை கேட்டுவிட்டோம், ஆனாலும் சரியாகத்தான் சொல்கிறார்.

கணக்கு இதுதான். கழிப்பறை, தண்ணீர்க் குழாய், சாய்தளம் 1,10,000. வெள்ளையடிப்பு, வயரிங், பெஞ்ச், மின்விசிறி 60,000. நாப்கின் மெஷினும் எரிப்பானும் 35,000. லேப்டாப், பிரிண்டர் 75,000. அப்புறம் கைமாற்று நிதி 40,000: அவசரத்துக்கு 1,500 ரூபாய் வரை வட்டியில்லாமல் வாங்கி, ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தரலாம். திரும்பி வராமலும் போகலாம், தெரிந்தேதான் வைக்கிறோம். மொத்தம் 3,20,000. கையில் இருப்பது 91,500. இன்னும் 2,28,500 வேண்டும்.

நூறு ரூபாயும் பணம்தான், கூச்சப்படாமல் அனுப்புங்கள். முன்னாள் மாணவர் சங்கக் கணக்கில் மட்டும் போடுங்கள், தனி ஆள் கையில் யாரிடமும் தர வேண்டாம், குழுவில் இருக்கிற எங்களிடமும்தான். நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கிற 80ஜி சலுகை இதற்குக் கிடையாது, முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். வரவு செலவு மாதாமாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் வரும். உபயதாரர் பெயர் எங்கும் எழுதமாட்டோம். கோயில் டியூப்லைட்டில் பெயர் எழுதி எழுதி வெளிச்சமே வராமல் போன கதை உங்களுக்கே தெரியும்.

பணம் முடியாதவர்கள் மாதம் ஒரு மதியம் வந்து உட்காருங்கள். வெளியூரில் இருந்தால் வாரம் ஒரு போன். நர்ஸ், வி.ஏ.ஓ., வங்கி வேலையில் இருக்கிறவர்கள் கட்டாயம் வேண்டும், பிள்ளைகள் கேட்கிற கேள்விகளில் நிறைய உங்களுக்குத்தான் தெரியும்.

ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் கழிப்பறையாவது முடிய வேண்டும், கொத்தனார் முன்பணம் கேட்டு நிற்கிறார். பொருளாக அனுப்புகிறவர்கள் லேப்டாப் அனுப்புங்கள், டேபிள் ஃபேன் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே மூன்று வந்துவிட்டது.