பழைய சாவிகளைப் பற்றி இப்போதே பேசுங்கள்

பிட்காயின் மென்பொருளை எழுதிப் பராமரிக்கும் நிரலாளர்களுக்கு,

வணக்கம். நான் நிரல் எழுதுபவன் அல்ல. பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பிட்காயினை உங்கள் உழைப்பை நம்பி வைத்திருப்பவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பிட்காயினின் சாவிகளைக் குவாண்டம் கணினி ஒருநாள் உடைத்துவிடும் என்று பேச்செடுத்தாலே "அதற்கு இன்னும் காலம் இருக்கிறது" என்று பதில் வருகிறது. இருக்கலாம். மற்றவர்கள் பார்க்கக்கூடிய பொதுச்சாவியிலிருந்து, காசைச் செலவு செய்ய உதவும் ரகசியமான தனிச்சாவியை அத்தகைய கணினியில் கணக்கிடும் வழியை 1994இலேயே கணிதவியலாளர் பீட்டர் ஷோர் காட்டிவிட்டாலும், அதை ஓட்டும் அளவுக்குப் பெரிய இயந்திரம் இன்னும் வரவில்லை. கூகுள் 2024 டிசம்பரில் அறிவித்த வில்லோ சிப்பில் இருப்பவை, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான கியூபிட்கள் 105தான். ஆனால் தேவைப்படும் அளவும் இறங்கிக்கொண்டே வருகிறது. ஆர்எஸ்ஏ என்ற பழைய குறியாக்க முறையின் 2048 பிட் சாவியை உடைக்க 2 கோடி கியூபிட்கள் வேண்டும் என்று 2019இல் கணக்கிட்டவர்களில் ஒருவரான கிரெய்க் கிட்னி, 10 லட்சத்துக்கும் குறைவானவை போதும் என்று 2025இல் எழுதினார். காசு தன்னுடையது என்று காட்டத் தனிச்சாவியால் இடும் பிட்காயினின் கையொப்பம் ஆர்எஸ்ஏ அல்லதான். ஆனாலும் இரண்டுமே ஷோரின் வழிமுறைக்கு முன்னால் நிற்காதவை.

எனக்குப் பயம் இயந்திரத்தைப் பற்றி அல்ல, நாம் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பற்றித்தான். பிட்காயின் விதிகளில் கடைசியாக வந்த பெரிய மாற்றமான டாப்ரூட்டின் யோசனை 2018 ஜனவரியில் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2021 நவம்பரில். பெரிய எதிர்ப்பே இல்லாத மாற்றத்துக்கே கிட்டத்தட்ட நான்கு வருடம். குவாண்டம் கணினியைத் தாங்கும் கையொப்பத்துக்கு மாறும் இந்த முறை சண்டை வரும். முடிவான பிறகும், ஒவ்வொருவரும் தன் காசைத் தானே புது முகவரிக்கு மாற்ற வேண்டும். பரிவர்த்தனைகளைப் பதியும் பிளாக் சுமார் 10 நிமிடத்துக்கு ஒன்றுதான், அதிலும் இடம் குறைவு.

புதுக் கையொப்பங்கள் அந்த இடத்தை இன்னும் விழுங்கும் என்பதும் தெரியும். இன்று டாப்ரூட்டில் பயன்படும் ஷ்னோர் வகைக் கையொப்பம் 64 பைட். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரப்படுத்திய, குவாண்டம் கணினியைத் தாங்கும் எம்எல்-டிஎஸ்ஏ கையொப்ப முறையில் மிகச் சிறியதே 2,420 பைட். ஹாஷை, அதாவது திருப்பிக் கணக்கிட முடியாத சுருக்கக் குறியீட்டை, மட்டும் நம்பும் எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ முறை 7,856 பைட்டில் தொடங்குகிறது. கட்டணம் கூடும். கூடட்டும், நான் கொடுக்கத் தயார்.

சரி, உண்மையில் கடினமான கேள்விக்கு வருகிறேன். 2009, 2010இல், பிளாக்குகளை உருவாக்கும் மைனர்களுக்குக் கிடைத்த காசுகளில் பெரும்பகுதி பொதுச்சாவி மறைக்கப்படாமலே பிளாக் சங்கிலியில் கிடக்கிறது. பிட்காயினை உருவாக்கிய சதோஷியுடையவை என்று கருதப்படும் சுமார் 10 லட்சம் பிட்காயினும் அதில் அடக்கம். ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியவர்களின் சாவியும் வெளியே தெரிகிறது. டாப்ரூட் முகவரிகளிலும் அப்படித்தான். மற்றவை செலவு செய்யும்வரை ஹாஷுக்குப் பின்னால் இருப்பதால் அவற்றுக்கு அவகாசம் உண்டு.

உரிமையாளர் இறந்துபோன, சாவி தொலைந்துபோன பழைய காசுகளை யாராலும் மாற்ற முடியாது. அப்படியே விட்டால், முதலில் இயந்திரம் கட்டுபவருக்கு அவை போய்ச் சேரும். யாரும் செலவு செய்ய முடியாதபடி அவற்றை முடக்கினால், "சாவி உன்னுடையது என்றால் காசும் உன்னுடையது" என்று நமக்குச் சொன்ன வாக்கை நாமே மீறுகிறோம். இதை நான் நெடுநாள் யோசித்தேன். முடக்குவதுதான் குறைந்த தீங்கு என்று நினைக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: பல வருடங்களுக்கு முன்பே தேதியைச் சொல்லிவிட வேண்டும். திருட்டு தொடங்கிய பிறகு, விலை சரியும்போது ராத்திரியோடு ராத்திரியாக முடக்கினால் அது வெறும் பறிமுதல்.

இன்னொன்றும் கேட்கிறேன். சாவிகளை வைத்திருக்கும் இன்றைய வாலட் மென்பொருள்களில் பெரும்பாலானவை, நாம் தாளில் எழுதி வைக்கும் விதைச்சொற்களிலிருந்து ஹாஷ் வழியாகவே சாவிகளை உருவாக்குகின்றன. பொதுச்சாவியை உடைத்தவனுக்கும் விதைச்சொற்கள் கிடைப்பதில்லை. அவற்றை வெளியிடாமலே "எனக்குத் தெரியும்" என்று நிரூபிக்கும் வழியைத் திறந்து வைத்தால், தேதியைத் தவறவிட்ட பலருக்கு ஒரு கதவு மிஞ்சும். சிறையிலிருந்து வருபவர், நோயிலிருந்து எழுபவர், தாத்தாவின் தாளைப் பத்து வருடம் கழித்துக் கண்டெடுக்கும் பேத்தி, இவர்களையெல்லாம் நினைத்துத்தான் கேட்கிறேன். 2009இன் காசுகளுக்கு இது உதவாது. விதைச்சொற்கள் பிறகு வந்தவை.

புது முகவரி வகைக்கான பிஐபி 360 என்ற முன்மொழிவு பேச்சில் இருப்பது தெரியும். அந்த வகையை அதன் வழியாகவோ வேறு வழியாகவோ முதலில் கொண்டுவாருங்கள், அதில் யாருடைய காசும் பறிபோகாது. அப்புறம் பழைய காசுகளுக்கான தேதியை விவாதித்து எழுத்தில் வையுங்கள். அது என்ன தேதியானாலும் என் காசை அதற்கு முன்பே மாற்றிவிடுவேன், எனக்குத் தெரிந்தவர்களையும் மாற்றச் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் மென்பொருளை நம்பியிருக்கும் ஒருவன்