மழை சாய்ந்தா பெய்கிறது?

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டாரின் நலம் அறிய ஆவல். உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டேன், அதற்குச் சாக்குச் சொல்லப்போவதில்லை. நெடுநாளைக்கு முன்பே உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு மன்னிப்பு, சென்ற வாரம் ரயிலில் என் மகளின் வாயிலிருந்து வந்த ஒரு கேள்வியால் நினைவுக்கு வந்ததால் இதை எழுதுகிறேன்.

காற்றில்லாத கனமழை. நாங்கள் இருவரும் ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியில் வழியும் நீர்க்கோடுகளை விட்டுவிடு. அவை காற்று இழுத்த பக்கமெல்லாம் ஓடும். அதற்கு அப்பால் விழுந்த துளிகளைத்தான் சொல்கிறேன். அவை எல்லாம் வண்டியின் பின்புறம் நோக்கிச் சாய்ந்து விழுந்தன. "மழை சாய்வாகவா பெய்கிறது, அப்பா?" என்றாள். இருபது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிப் பழகிய வாய், "உண்மையில் நேராகத்தான் பெய்கிறது, நமக்குச் சாய்வாகத் தெரிகிறது" என்று சொல்லிவிட்டது. அவள் விடவில்லை: "அப்படியென்றால் கீழே நிற்பவர் பார்ப்பது உண்மை, நாம் பார்ப்பது பொய்யா?"

அந்தக் கணத்தில் எனக்கு உன் முகம்தான் தோன்றியது. செய்முறைத் தேர்வில், ஓடும் வண்டிக்குள் நேர்மேலே எறிந்த பந்தின் பாதை என்ன என்று கேட்டவரிடம், "யார் பார்க்கும்போது, ஐயா?" என்று நீ திருப்பிக் கேட்டாய். பரவளையம் (எறிந்த கல் எழுந்து விழும் வளைகோடு) என்ற ஒற்றைச் சொல்லை எதிர்பார்த்திருந்த அவர், அதைத் துடுக்கு என்று எண்ணி மதிப்பெண்ணைக் குறைத்தார். விடுதியில் அந்த ஆண்டு முழுவதும் உனக்கு 'யார் பார்க்கும்போது' என்பதே பெயராகிவிட்டது. அப்படிக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். நீ கேட்டதுதான் இயற்பியல். தரையில் நிற்பவருக்குப் பரவளையம், வண்டிக்குள் இருப்பவருக்கு மேலும் கீழுமான நேர்க்கோடு. குறிப்பாயத்தை, அதாவது எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் பாதையையோ திசைவேகத்தையோ சொல்வது, யாருக்கு என்று சொல்லாமல் வலப்பக்கம் என்று சொல்வதற்குச் சமம். அன்று உன்னைக் கேலி செய்ததற்காக இப்போது மனமார வருந்துகிறேன்.

மகளுக்கு அங்கேயே பதில் சொல்ல முயன்றேன். அவளுடைய கோணமானியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, துளிகள் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 60 டிகிரி சாய்ந்திருந்தன. பெரிய மழைத்துளி விநாடிக்குச் சுமார் 8 மீட்டர் வேகத்தில் விழுகிறது என்று கொண்டால், வண்டியின் வேகம் விநாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வருகிறது. வண்டி வேகம் குறையக் குறையக் கோணம் 40 ஆகி, 20 ஆகி, நின்றபோது மழையும் நிமிர்ந்தது. ஒவ்வொன்றையும் அவள் பயணச்சீட்டின் பின்புறத்தில் குறித்துக்கொண்டாள். பொய்யான ஒரு சாய்விலிருந்து மெய்யான ஒரு வேகத்தைக் கணக்கிட முடியுமா, சொல்!

இதே சாய்வை வானத்தில் கண்டவர் ஆங்கிலேய வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி. பூமி நகர்வதால் விண்மீனின் இடம் மாறித் தெரியுமா என்று 1725-ல் காமா டிராகோனிஸ் என்னும் விண்மீனைப் பார்க்கத் தொடங்கினார். இடம் மாறியது, ஆனால் எதிர்பார்த்த மாதத்தில், எதிர்பார்த்த பக்கத்தில் மாறவில்லை. மழையில் நடப்பவர் குடையை முன்னே சாய்ப்பதைப் போல, பூமி போகும் திசையில் தொலைநோக்கியையும் சற்றுச் சாய்க்க வேண்டியிருக்கிறது என்று 1729-ல் விளக்கினார். பூமியின் வேகம் விநாடிக்கு 30 கிலோமீட்டர், ஒளியின் வேகம் 3 லட்சம் கிலோமீட்டர். பத்தாயிரத்தில் ஒரு பங்கான அந்த விகிதம் சுமார் 20 விநாடிக் கோணமாகிறது (இந்த விநாடி நேரமல்ல, ஒரு டிகிரியின் 3600-ல் ஒரு பங்கு). அதை வைத்தே சூரிய ஒளி நம்மை அடைய 8 நிமிடம் 12 விநாடி ஆகும் என்று அவர் கணக்கிட்டார். இன்றைய மதிப்பு 8 நிமிடம் 19 விநாடி. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆயினும் ஒரு விஷயத்தில் உன்னோடு இன்றும் முரண்படுகிறேன். எல்லா இயக்கமும் சார்புடையதே, சுழற்சியும் அப்படித்தான் என்று மொட்டைமாடியில் நீ விடியும்வரை வாதாடினாய். சீராக நேர்க்கோட்டில் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் எந்தச் சோதனையும் அதன் வேகத்தைக் காட்டிக்கொடுக்காது என்று 1632-லேயே கலிலியோ எழுதினார். அதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்த அறை சுழன்றால், வெளியே எட்டிப் பார்க்காமலே தெரிந்துவிடும். 1851-ல் பாரிஸில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். கீழே பூமி சுழல்வதால், ஊசல் ஆடும் தளம் மணிக்குச் சுமார் 11 டிகிரி திரும்பியது. அதைக் காண ஒரு விண்மீனையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. விண்மீன்கள் அனைத்தும் இல்லாத வெளியில் அந்த ஊசல் என்ன செய்யும் என்று நீ கேட்பாய் என்பது எனக்குத் தெரியும்; அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வாதத்தை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

வகுப்பில் 'உண்மையில்' என்ற சொல் வாயில் வரும்போதெல்லாம் இப்போது நிறுத்திக்கொண்டு, 'தரையிலிருந்து பார்த்தால்' என்று சொல்லிப் பார்க்கிறேன். அடுத்த மழையில் நீ ரயிலில் போனால் கோணத்தை அளந்து, வண்டியின் வேகத்தோடு சேர்த்து எனக்கு எழுது. மகள் தன் பயணச்சீட்டில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்