நாணை இழுப்பதற்கு முன்

வாசா, விஸ்கான்சின்
ஆகஸ்ட் 31

அன்புள்ள பாப்பாவுக்கு,

கவரைப் பிரித்ததும் நாலு பஞ்சு உருண்டை விழுந்திருக்கும். தூக்கிப் போட்டுவிடாதே. எதற்கென்று கீழே எழுதியிருக்கிறேன். அதைச் செய்து முடிக்கும்வரை வில்லை இழுக்காதே. கைப்பழக்கம் விட்டுப்போகும் என்று வீட்டுக்குள் சும்மா இழுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

போன வாரம் போட்ட மெசேஜுக்கு இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. வேலை இருக்கும். அம்மாவிடம் பேசுகிறாய், அது போதும். வில் சீசன் செப்டம்பர் நடுவில் திறந்துவிடும், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நடந்ததைப் பற்றி இதில் எதுவும் எழுதப்போவதில்லை.

முதலில் லிம்ப், அதாவது வில்லின் வளையும் தகடுகள். மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் நாலு. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வில்லை மடியில் வை. பஞ்சை லிம்பின் விளிம்பில் மெதுவாக வைத்து, நடுச் சட்டமான ரைசர் பக்கமிருந்து நுனிச் சக்கரமான கேம் பக்கம்வரை ஒரே இழுவையாக இழு. வெளி விளிம்பு, உள் விளிம்பு, முன்முகம், பின்முகம், நாலு லிம்புக்கும் தனித்தனியாக. ஃபைபர் மயிரிழை அளவு பிளந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பஞ்சு அங்கே மாட்டி ஒரு நூலை விட்டுவிட்டு வரும். விரலால் தடவாதே, அந்தச் சிலாம்பு தோலுக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு. அச்சு நுழையும் நுனியையும், ரைசரோடு சேரும் அடியையும் இரண்டு தடவை பார். பெயின்ட் கீறலா விரிசலா என்று சந்தேகம் வந்தால் விரிசல் என்றே வைத்துக்கொள்.

அடுத்து கேம். நாண் ஓடும் பள்ளத்தின் உதட்டில் சொட்டையோ வளைவோ இருந்தால் அது நாணை அறுக்கும், அல்லது நாண் வெளியே துள்ளிவிடும். வில்லுக்குப் பின்னால் நின்று நாணோடு கண்ணை ஓட்டிப் பார். மேல் கேமும் கீழ் கேமும் வழக்கத்துக்கு மாறாகச் சாய்ந்து தெரிந்தால் அச்சு வளைந்திருக்கலாம். அச்சின் இரு நுனியிலும் இருக்கும் சின்ன கிளிப்புகள் இடத்தில் இருக்கின்றனவா பார். பிறகு டேப்பை எடுத்து அச்சுக்கு அச்சு அள. வாங்கிய அன்று 31 அங்குலம், கேஸ் மூடிக்குள் நான் ஒட்டிய சீட்டில் இருக்கிறது. கைப்பிடிக் குழியிலிருந்து நாண்வரைக்கும் அள, அதுவும் சீட்டில் உண்டு. எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ நீண்டிருக்கிறது, அல்லது வளைந்திருக்கிறது. நீயாக நாணைக் கழற்ற முயலாதே. லிம்பை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் இல்லாமல் காம்பவுண்ட் வில்லைப் பிரிப்பவன் கையை இழப்பான்.

எதுவுமே தென்படவில்லை என்றாலும் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரஸ்ஸில் வைத்துப் பார்க்கச் சொல். தென்படாவிட்டாலும்.

நாண் மெழுகு நூறு அம்புக்கு ஒரு தடவை. மழையில் நனைந்தால் அன்றிரவே துடைத்துவிட்டுப் போடு. நாணில் பஞ்சுபோல் மயிர் எழும்பினால் ஏற்கெனவே தாமதம். மெழுகைத் தடவி, விரலில் சூடு தெரியும்வரை மேலும் கீழும் தேய்த்தால்தான் இழைக்குள் இறங்கும். மேலே நூல் சுற்றிய இடங்களில் போடாதே, சுற்று நழுவும், கேமில் அழுக்கு சேரும். ஒரு இழை அறுந்திருந்தாலும் நாணை மாற்று. உன் நாணுக்கு இந்த அக்டோபரில் மூன்று வருஷம், எப்படியும் மாற்ற வேண்டியதுதான். புது நாண் போட்டால் முதல் நூறு அம்பில் கொஞ்சம் நீளும், நாணில் கண் வைத்துப் பார்க்கும் பீப் துளை திரும்பிக்கொள்ளும், அதன்பிறகுதான் குறிபார்க்கும் சைட் பின்னைத் திருத்த வேண்டும். நாணைப் பிடித்து இழுக்கும் டி-லூப் முடிச்சின் நுனி உருண்டைகள் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பார். அது முழு இழுப்பில் அவிழ்ந்தால் உன் கைமுட்டி உன் வாயில்தான் வந்து விழும்.

வில்லைக் காரில் விடாதே. ஆகஸ்ட் வெயிலில் மூடிய காருக்குள் லிம்பின் பசை இளகும், நாண் நீளும். இதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், நீயும் எத்தனை தடவை டிக்கியில் விட்டிருக்கிறாய்.

அம்பு. ஒவ்வொன்றையும் எய்வதற்கு முன் இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்து, கால் சுற்று சுற்றி, நாலு திசையிலும் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேள். 'க்ரிக்' என்று ஒரு சத்தம் வந்தாலும் அதை முறித்துக் குப்பையில் போடு. விரிசல் விட்ட கார்பன் அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போது சிதறி, வில் பிடித்த கைக்குள் ஈட்டியாக ஏறும். அம்பின் பின்நுனியில் நாணைக் கவ்வும் நாக் துண்டையும் நகத்தால் அழுத்திப் பார். நாக் உடைந்தால் அம்பு நாணில் நிற்காது. அம்பு நிற்காமல் நாண் போனால் அது வெறும் நாணை விட்ட மாதிரிதான். அம்பின் எடை குறைந்தாலும் அப்படித்தான். இழுப்பு ஒரு பவுண்டுக்குக் குறைந்தது 5 கிரெய்ன் அம்பு எடை வேண்டும். உன் 45 பவுண்டுக்கு 225. அது கடைசி எல்லை. உன்னுடையது பிளேடு முனையான பிராட்ஹெட்டோடு 370, அதை மாற்றாதே. வேகம் கூடும் என்று யாராவது லேசான அம்பைக் காட்டினால் வாங்காதே. மானுக்குள் இறங்குவது எடைதான்.

பிராட்ஹெட் பிளேடு முடியைச் சிரைக்க வேண்டும். பயிற்சியில் ஒரு தடவை இலக்கில் இறங்கிய பிளேடைக் காட்டுக்கு எடுத்துப்போகாதே. ஸ்பேர் பிளேடு டப்பாவைத்தான் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாயே. திருகிய பிறகு அம்பின் முனையை ஒரு பலகைமேல் ஊன்றிச் சுழற்றிப் பார், முனை தள்ளாடினால் அம்பு நேராகப் போகாது. சாதா முனையில் வைத்த குறி பிராட்ஹெட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நம்பாதே, சீசனுக்கு முன் அதிலேயே எய்து பார். உன் குறியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இருபது கஜத்தில் மூன்று அம்பை ஒரு தோசைக்கரண்டி அகலத்துக்குள் வைக்கிற பிள்ளை நீ. வில்லுக்கென்று இந்த மாநிலம் 1934-லேயே தனி மான் சீசன் திறந்தது, அந்தக் காலத்துப் பரம்பரையில் வந்த பக்கத்து வீட்டுப் பெரியவரே உன்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். ஆச்சியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கே மானைத் தொடுவது என்றால் பதறும், அவளுக்குக் கேட்கவே வேண்டாம்.

கடைக்குப் போனாயா? இதைப் படிக்கும்போது போயிருக்க மாட்டாய். போ.

மரத்து ஸ்டாண்டில் ஏறுமுன் விழாமல் பிடிக்கும் ஹார்னஸைத் தரையிலேயே மாட்டு. மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்பவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். தரையிலிருந்து உச்சிவரை லைஃப்லைன் கயிறு கட்டி, அதில் பாரம் விழுந்தால் இறுகும் புரூசிக் முடிச்சை உன்னோடு நகர்த்திக்கொண்டே ஏறு. முடிச்சு எப்போதும் தலைக்கு மேலே இருக்கட்டும். கீழே இருந்தால் விழும்போது அத்தனை தூரமும் விழுவாய். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதே, கயிற்றில் கட்டி மேலே போனபின் இழு. தொங்க நேர்ந்தால் கால்பட்டையை விரித்து அதில் மிதித்து நில், அசையாமல் தொங்கினால் தொடைப்பட்டை இறுக்கி ரத்தம் காலில் தேங்கும். ஹார்னஸில் தைத்த தேதியைப் பார், ஐந்து வருஷம் ஆனால் தூக்கிப் போடு. போன வருஷம் மரத்தில் விட்ட ஸ்ட்ராப்பை நம்பாதே, மரம் பருத்து அதை இறுக்கியிருக்கும், அணில் கடித்திருக்கும். எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவாய் என்று யாரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்றில்லை.

அம்பு பட்டபின் பொறுமை. நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரைமணி நேரம் உட்கார். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலு மணி நேரமாவது. அம்பில் பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல், எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கிட்டேயே போகாதே. துரத்தினால் அது எழுந்து ஓடி, யார் கைக்கும் கிடைக்காமல் எங்கோ வலித்துச் சாகும். பக்கவாட்டிலோ, லேசாக விலகிய கோணத்திலோ நிற்காத மானுக்கு எய்யாதே. அது போனால் போகட்டும். அடித்த மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவுசெய்துவிடு. தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியைச் சமைக்காதே. 2002-இல் மவுன்ட் ஹோரப் பக்கம் கண்டுபிடித்த, மானின் மூளையை அரிக்கும் அந்த சி.டபிள்யூ.டி. நோய் இப்போது உன் பக்கத்து மலைகளிலும் இருக்கிறது. வேகவைத்தாலும் போகாது. மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர்க் கட்டி எதையும் கத்தியால் தொடாதே.

ரைஃபிள் நவம்பருக்குத்தான், அதை அப்போது எழுதுகிறேன். ஒன்று மட்டும்: குளிரிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்ததும் கேஸைத் திறக்காதே. உள்ளே இரும்பு வியர்த்து, இரண்டு நாளில் துரு பிடிக்கும். போல்ட்டில் எண்ணெயை அள்ளிப் பூசாதே, நவம்பர்க் குளிரில் அது கெட்டித்து ஃபயரிங் பின் மெதுவாகப் போகும்.

மறுபடியும் லிம்ப்புக்கு வருகிறேன். விரிசல் முதல் நாளே தெரிய வேண்டும் என்றில்லை. உள்ளே அடுக்கு பிரிந்து, நாற்பது ஐம்பது அம்புக்குப் பிறகு வெளியே வரலாம். வில்லை இழுத்து வைத்த விசையில் பெரும்பகுதியை அம்பு எடுத்துக்கொண்டு போய்விடும். அம்பு இல்லாவிட்டால் அவ்வளவும் லிம்பிலும் கேமிலும் நாணிலும் திரும்பி அடிக்கும். அப்படி அடிபட்ட லிம்ப் என்றைக்காவது முழு இழுப்பில் உடைந்தால், உடையும் இடத்துக்கும் உன் கண்ணுக்கும் நடுவில் எதுவும் கிடையாது.

பாப்பா, நான்தான் செய்தேன். நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்று கராஜில் உன் வில்லை எடுத்து இழுத்தேன். எடையைக் கூட்டி வைத்திருக்கிறாயா என்று பார்க்கத்தான். அம்பு வைக்கவில்லை. உன் இழுப்பு 26 அங்குலம், என்னுடையது இருபத்தெட்டரை. இழுத்ததும் கை வழக்கமான இடத்துக்கு வரவில்லை, தாடைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அதைச் சரிசெய்யும்போது விரல் நாணை விடுவிக்கும் ரிலீஸ் விசையில் பட்டது. நாண் கழலவில்லை. பஞ்சு வைத்துப் பார்த்தேன், எங்கும் மாட்டவில்லை. கேஸில் வைத்து மூடினேன். நீ வண்டியில் ஏற்றும்போது நான்தான் தூக்கிக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை. அன்று மதியம்தான் எல்லோர் முன்னாலும், உனக்குப் பொறுப்பில்லை, தனியாகக் காட்டுக்குப் போகிற அளவுக்கு நீ வளரவில்லை என்று சொல்லியிருந்தேன். அதைச் சொன்ன வாயால் இதைச் சொல்ல வரவில்லை. ஐந்து வாரம் ஆகிவிட்டது. இதற்குள் நீ எத்தனை அம்பு எய்தாயோ என்று ஒவ்வொரு ராத்திரியும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கடையில், "ஒரு தடவை வெறும் நாண் விடப்பட்டது" என்று தெளிவாகச் சொல். அதைச் சொல்லாவிட்டால் மேலோட்டமாகப் பார்த்துத் தந்துவிடுவார்கள். யார் விட்டது என்று கேட்டால் அப்பா என்று சொல். வாரண்டி இதற்குப் பொதுவாகச் செல்லாது, செலவு என்னுடையது. ஒரு லிம்ப் போயிருந்தாலும் நாலையும் சேர்த்து மாற்றச் சொல், புதிதும் பழையதும் ஒரே அளவில் வளையாது. நாணும் கேபிளும் அப்போதே மாறட்டும். உனக்கு நேரமில்லை என்றால் வில்லை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு ஒரு மெசேஜ் போடு. நான் வந்து எடுத்துக் கடையில் கொடுத்து, சரியானதும் அதே இடத்தில் வைத்துவிட்டு வருகிறேன். கதவைத் தட்ட மாட்டேன்.

பிளேடு டப்பாவைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதில் அம்மா முறுக்கும் வைத்திருக்கிறாள், நொறுங்காமல் துணியில் சுற்றியிருக்கிறது. பஞ்சு எங்காவது மாட்டினால் எத்தனை மணியானாலும் கூப்பிடு. மாட்டாவிட்டால் 'மாட்டவில்லை' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்.

அப்பா