சங்கரனுக்கு: லினக்ஸில் கேம் ஓடுமா?

சிந்துபூந்துறை,
திருநெல்வேலி.
மார்கழி, 2025

அன்புள்ள சங்கரா,

நலம். வீட்டில் எல்லாரும் நலம்தானே? ஓசூர்க் குளிர் அம்மாவுக்கு ஒத்துக்கொள்கிறதா? மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது. இங்கே ஆறு நிறைந்து போகிறது. காலையில் பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. மழை நாலு நாள் விடாமல் பெய்தால் போதும், எங்கள் தெருவில் எல்லாருக்கும் 2023 டிசம்பர்தான் நினைவுக்கு வரும். கீழே இருக்கிற சாமானையெல்லாம் பரணுக்கு ஏற்றிவிடுவோம்.

உன் கேள்விக்கு வருகிறேன். மகன் கேம் கேட்கிறான், வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியில் விண்டோஸ் 11 ஏறாது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார், புதுசு வாங்க 60,000 ரூபாய் ஆகும், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் தனியாக உட்கார்ந்து கதை கேம் ஆடுகிறவன் என்றால் தைரியமாகப் போடு. வேலரன்ட், ஃபோர்ட்நைட் மாதிரி ஆன்லைன் போட்டி கேம் ஆடுகிறவன் என்றால் போடாதே. இதை அவனிடம் கேட்டுவிட்டு மீதியைப் படி.

இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம் என் வீட்டுப் பெட்டிதான். வெள்ளத்தன்று அது மேசைக்குக் கீழே இருந்தது. ஹாலில் இடுப்பளவு தண்ணீர். மூன்றாம் நாள் மூடியைக் கழற்றினேன். மதர்போர்டு முழுக்க மாவு சலித்துத் தூவியதுபோல் வண்டல். பிராசஸர் விசிறிக்குள் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின ராத்திரியே கரண்டை நிறுத்திவிட்டிருந்தார்கள், அதனால்தான் போர்டு பிழைத்தது. செல்போன் ரிப்பேர் கடையில் ஐபிஏ என்ற ஆல்கஹால் திரவம் வாங்கி, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் மூலை மூலையாகத் துடைத்து, வெயில் வந்ததும் மாடியில் காயவைத்தேன். ஹார்டு டிஸ்க்கும் பவர் சப்ளையும் போய்விட்டன. நாலாம் தலைமுறை ஐ5 பிராசஸரும், 8 ஜிபி ரேமும், ஏஎம்டி ஆர்எக்ஸ் 570 கார்டும் தப்பின. புதிதாக ஒரு எஸ்எஸ்டி போட்டேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 வரைதான் ஆயுள் என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். இந்த பிராசஸரை விண்டோஸ் 11 ஏற்காது, இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதற்குக் கணக்கு. சரி என்று லினக்ஸ் மின்ட் போட்டேன். கேமை மறந்துவிட வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் போட்டேன்.

அன்று ராத்திரி ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையைத் திறந்து, எப்போதோ வாங்கிய விட்சர் 3ஐ இறக்கினேன். விண்டோஸுக்கென்று 2015இல் எழுதிய கேம். பிளே பொத்தானை அழுத்தினால், வல்கன் ஷேடர்கள் தயாராகின்றன என்று ஒரு பட்டை மெதுவாக நகர்ந்தது. அது முடிந்ததும் இசை வந்தது. குதிரை ஓடியது. மீடியம் செட்டிங்கில் விநாடிக்கு 50 பிரேமுக்குக் குறையவில்லை. வண்டலைக் கழுவி எடுத்த பெட்டியடா அது! நான் ஒரு வரி கமாண்டுகூட அடிக்கவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா? 2004இல் ஹாஸ்டல் அறையில் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து ரெட்ஹாட் 9 என்ற லினக்ஸை ஏற்றினோமே. சவுண்டு வரவே இல்லை. ஒரு பெங்குவின் பனியில் சறுக்கிக்கொண்டு மீன் பொறுக்குமே, டக்ஸ் ரேஸர், அது ஒன்றுதான் ஓடியது. விடியவிடிய அதையே ஆடினோம். மறுநாள் பாளை பிரவுசிங் சென்டரில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆட உட்கார்ந்தபோது நீ சொன்னாய், "கேம் கம்பெனிக்காரன் லினக்ஸுக்கு எழுதினால்தான் உண்டு, அவன் எழுதமாட்டான்" என்று. நானும் அப்படித்தான் நம்பினேன். இருபது வருடம் நம்பினேன்.

அப்படி நம்பியதில் தவறும் இல்லை, ஏனென்றால் முயன்றவர்கள் தோற்றிருந்தார்கள். அமெரிக்காவில் லோக்கி என்று ஒரு கம்பெனி 1998இல் தொடங்கி, சிவிலைசேஷன்: கால் டு பவர் போன்ற பெரிய கேம்களை லினக்ஸுக்கு மாற்றி எழுதிப் பெட்டியில் போட்டு விற்றது. கடன் ஏறி 2002இல் மூடிவிட்டார்கள். ஆள் குறைவு, அதனால் கேம் வராது. கேம் வராது, அதனால் ஆள் சேராது. லோக்கி போனாலும், அங்கே வேலை பார்த்த சாம் லாண்டிங்கா எழுதிய எஸ்டிஎல் என்ற நிரல் தொகுப்பு இன்றும் ஏராளமான கேம்களுக்குள் இருக்கிறது. அந்த உழைப்பு வீணாகவில்லை என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

முடிச்சு வேறு பக்கமிருந்து அவிழ்ந்தது. நீ லினக்ஸ் பேசு என்று கேமைக் கெஞ்சுவதை விட்டுவிட்டு, கேம் பேசுகிற விண்டோஸ் பேச்சுக்கு லினக்ஸிலேயே பதில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். செங்கோட்டையில் எங்கள் ஆச்சி கடைவாசலில் நின்று, ஆரியங்காவிலிருந்து மிளகு கொண்டுவருகிறவர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல தாத்தாவுக்குத் தமிழில் சொல்வாள். வந்தவர் தமிழ் படிக்க வேண்டியதில்லை, வியாபாரம் நிற்காது. ஒயின் என்ற மென்பொருள் செய்வது அந்த வேலைதான். 1993இல் தொடங்கி, 15 வருடம் கழித்து 2008இல்தான் 1.0 என்று பெயர் வைத்தார்கள். கேமின் கட்டளைகளை பிராசஸர் நேரடியாகவே ஓட்டுகிறது. இந்தக் கோப்பைத் திற, இந்தச் சத்தத்தை எழுப்பு என்று கேம் விண்டோஸிடம் கேட்கும் இடங்களில் மட்டும் ஒயின் பதில் சொல்கிறது. வேகம் பெரிதாகக் குறையாததற்குக் காரணம் இதுதான்.

படம் வரைகிற பகுதிதான் கடைசிவரை இழுத்தடித்தது. படம் வரையச் சொல்லி விண்டோஸ் கேம் பேசுகிற டைரக்ட்எக்ஸ் பேச்சை, லினக்ஸிலும் கிராபிக்ஸ் கார்டுக்குப் புரிகிற வல்கன் பேச்சுக்கு மாற்ற வேண்டும், வல்கனே 2016இல்தான் வந்தது. பிலிப் ரெபோலே என்ற ஜெர்மன்காரர் நியர் ஆட்டோமேட்டா என்ற ஒரே ஒரு கேமை லினக்ஸில் ஆட ஆசைப்பட்டு, டிஎக்ஸ்விகே என்பதை எழுதத் தொடங்கினார். ஒரு ஆள், ஒரு கேம்! ஸ்டீமை நடத்தும் வால்வ் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஒயினையும் டிஎக்ஸ்விகேயையும் சேர்த்துக் கட்டி, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்று வெளியிட்டார்கள். இப்போது விண்டோஸில் இருப்பவர்களே பழைய ஜிடிஏ 4 சீராக ஓடட்டும் என்று டிஎக்ஸ்விகே கோப்பை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

வால்வுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பாய். விண்டோஸ் 8 தன் சொந்தக் கடையோடு வரவிருந்தபோது, 2012இல் வால்வின் தலைவர் கேப் நியூவெல் அதைப் பேரழிவு என்றே சொன்னார். அடுத்தவன் மனையில் கடை போட்டிருக்கிறோம், நாளைக்கு எழுந்திரு என்றால் என்ன செய்வது என்ற பயம் அது. 2013இல் ஸ்டீமை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். 2015இல் ஸ்டீம் மெஷின் என்று பெட்டிகள் விட்டுப் பார்த்தார்கள், ஆட கேம் இல்லாமல் படுத்துவிட்டது. புரோட்டானுக்குப் பிறகு 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக்தான் நிலைமையைத் திருப்பியது. கையடக்கப் பெட்டி, 7 அங்குலத் திரை, உள்ளே லினக்ஸ். வாங்குகிறவனுக்கு உள்ளே இருப்பது லினக்ஸ் என்று தெரியவே வேண்டியதில்லை. ஆடுகிறவர்கள் எந்த இயங்குதளம் வைத்திருக்கிறார்கள் என்று ஸ்டீம் எடுக்கும் மாதக் கணக்கில் 2025 அக்டோபரில் லினக்ஸ் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சின்ன எண்தான். ஆனால் 2021 வரை அது 1 சதவீதத்தைச் சுற்றியே கிடந்தது. 2025 நவம்பரில் ஸ்டீம் மெஷினை மறுபடியும் அறிவித்திருக்கிறார்கள். இந்த முறை கேம் இல்லாத குறை இருக்காது.

சரி, அப்படியென்றால் வேலரன்ட் ஏன் ஓடாது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் லினக்ஸ் கேமின் எதிர்காலம் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. நாம் தெருவில் ஆடியபோது அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனைக் கண்ணால் பார்த்துப் பிடித்துவிடுவோம். ஆன்லைனில் அதற்கு ஆன்டி சீட் என்ற காவலாளி வேண்டும். வேலரன்டின் காவலாளி வான்கார்டு, விண்டோஸின் உள்மையமான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து, மெஷின் ஆன் ஆனதிலிருந்து காவல் இருக்கிறது. ஒயினால் அந்த ஆழத்துக்கு வேடம் போட முடியாது. லினக்ஸில் கெர்னலை யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்பதால், காவலாளிக்குத் தான் நிற்கும் வீட்டின் மேலேயே நம்பிக்கை வராது. ஈசி ஆன்டி சீட், பேட்டில்ஐ என்ற வேறு இரண்டு காவலாளிகளும் 2021 செப்டம்பரிலேயே புரோட்டானுக்கு இடம் கொடுத்துவிட்டன. அனுமதிக்க வேண்டியது அந்தந்த கேம் கம்பெனி. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் என்ற கேம் அனுமதித்தது, பிறகு 2024 அக்டோபரில் லினக்ஸ் வழியாக ஏமாற்றுகிறவர்கள் வருகிறார்கள் என்று கதவை அடைத்துவிட்டது. ஈசி ஆன்டி சீட்டின் சொந்தக்காரர் எபிக் கம்பெனி. அவர்களே தங்கள் ஃபோர்ட்நைட்டுக்கு லினக்ஸை விடவில்லை.

அவர்கள் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு விளையாட்டுக்காக வீட்டின் பூஜையறை வரைக்கும் காவலாளியை விட வேண்டுமா என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கெர்னலுக்குள் அடுத்தவனை விட்டால் என்ன ஆகும் என்று 2024 ஜூலையில் உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் ஒரு தவறான அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன, நம் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் வேலையை மைக்ரோசாஃப்டே தொடங்கியிருக்கிறது. ஆன்டி சீட்டும் அந்த வழியில் வெளியே வந்தால் லினக்ஸுக்குப் பெரிய தடை ஒன்று தானாகவே இளகும். நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான், வால்வின் அடுத்த பெட்டியைக்கூட அல்ல.

இன்னொரு கவலையையும் உன்னிடம் மறைக்கவில்லை. இவ்வளவும் ஒரே கம்பெனியின் பணத்தில் நடக்கிறது. நாளைக்கு அவர்கள் மனம் மாறினால்? ஸ்டீமில் வாங்கிய கேம் ஸ்டீமின் பூட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒயினும் டிஎக்ஸ்விகேயும் புரோட்டானும் திறந்த நிரல். செய்த வேலையை யாரும் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியாது. ஜிஓஜி போன்ற கடையில் பூட்டில்லாமல் வாங்கி, ஹீரோயிக் என்ற மென்பொருள் வழியாகவும் ஆடலாம். நான் இப்போதெல்லாம் பழைய கேம்களை அங்கேதான் வாங்குகிறேன்.

புனலூரில் கட்டிக்கொடுத்த தங்கையின் மகனைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கேரளத்துப் பள்ளிகளில் லினக்ஸ்தான். விடுமுறைக்கு வந்தவன் என் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் தானே சூப்பர் டக்ஸ் கார்ட் என்ற பந்தய கேமை இறக்கி ஆடத் தொடங்கிவிட்டான். நம் பக்கம் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பிலும் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸ் சேர்ந்துதான் வந்தது. அதைத் திறந்து பார்க்கச் சொல்லி அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

அப்புறம், நீ செய்ய வேண்டியது. மகனிடம் அவன் ஆடுகிற, ஆட ஆசைப்படுகிற கேம்களின் பெயரை எழுதி வாங்கி அனுப்பு. புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொன்றுக்கும் ஆடியவர்கள் எழுதிய குறிப்பு இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன். பெட்டியில் கிராபிக்ஸ் கார்டு என்விடியாவா ஏஎம்டியா என்று பார். ஏஎம்டி என்றால் டிரைவர் கெர்னலோடேயே வந்துவிடும், தலைவலி இல்லை. என்விடியாவும் ஓடும், டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டும், டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் வேகம் கொஞ்சம் குறையும். கார்டே இல்லை என்றால் புதுப் பெட்டியை விட்டுவிட்டு, பழைய ஏஎம்டி கார்டு ஒன்று மட்டும் வாங்கு. பவர் சப்ளை தாங்குமா என்று கேட்டுவிட்டு வாங்கு.

பொங்கலுக்கு வரும்போது பெட்டியையும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வா. மானிட்டர் வேண்டாம், இங்கே இருக்கிறது. மாட்டுப்பொங்கல் அன்று மத்தியானம் ஏற்றிக் கொடுத்துவிடுகிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இப்போது என்னிடம் ஓடுகிறது. அந்தப் பாதிரியார் பாடி நம் குதிரை வீரனை எதிரியாக்கும் சத்தம் அப்படியே இருக்கிறது. உன் மகனையும் உட்கார வைத்து இரண்டு பெட்டியிலும் ஒரு ஆட்டம் போடுவோம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
இசக்கி