ரீமரில் பொறித்திருக்கும் எச்7

அம்மிணி,

நேற்று போனில், "அப்பா, லீவரோட பின் புஷ்ஷுக்குள் இறங்கவே மாட்டேங்குது, டிராயிங்கில் துளையோட அளவு வரம்பை எச்7-இலிருந்து எச்6-ஆக மாற்றிவிடட்டுமா?" என்று கேட்டாய். நான் வேண்டாம் என்று சொன்னதும் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. ஏன் வேண்டாம் என்பது போனில் அடங்காது. இன்று ஞாயிறு, இங்கே கோயமுத்தூர் கணபதியில் பட்டறைகளெல்லாம் சாத்திக் கிடக்கின்றன. உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. புஷ் என்பது சின்னக் குழல், அதன் துளைக்குள் உருளையான பின் இறங்க வேண்டும். 20 மில்லி துளைக்கு எச்7 என்றால் 20.000-இலிருந்து 20.021 வரை. எச்6 என்றால் 20.000-இலிருந்து 20.013 வரை. எச் என்ற எழுத்து போட்டாலே கீழ் வரம்பு சுழியில் நின்றுவிடும், பக்கத்தில் இருக்கும் எண் மேலே எவ்வளவு இடம் விடலாம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஆக, பின் போகவில்லை என்பதற்காகத் துளையின் மேல் வரம்பை 8 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு, கீழே இறக்கப் பார்த்திருக்கிறாய். தலை இடிக்கிறது என்று வாசல் நிலையைத் தாழ்த்திக் கட்டின மாதிரி. கோபித்துக்கொள்ளாதே, எண் சின்னதானால் வேலை சுத்தமாகும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான்.

உன் பின்னுக்கு ஜி6 போட்டிருக்கிறாய். துளைக்குப் பெரிய எழுத்து, பின்னுக்குச் சின்ன எழுத்து, அது உனக்கே தெரியும். 20 மில்லிக்கு அது 19.980-இலிருந்து 19.993 வரை. எச்7 துளையோடு சேர்த்தால் குறைந்தது 7 மைக்ரான், அதிகபட்சம் 41 மைக்ரான் இடைவெளி கிடைக்க வேண்டும். அப்படியிருந்தும் பின் போகவில்லை என்றால் துளை எச்7-இல் இல்லை. லேத்தில் இருந்தபோது இருந்தது, இப்போது இல்லை.

நடுவில் என்ன நடந்தது? புஷ்ஷை ஹவுசிங்குக்குள், அதாவது அதைப் பிடித்து நிறுத்தும் கூட்டுக்குள், அழுத்திப் பிரஸ் பண்ணினீர்கள். 26 மில்லி வெளிவிட்டத்துக்கு எஸ்6 என்றாய். அது 26.035-இலிருந்து 26.048 வரை. ஹவுசிங் எச்7, 26.000-இலிருந்து 26.021 வரை. குறைந்தது 14, அதிகம் போனால் 48 மைக்ரான் இறுக்கம். இந்த இறுக்கம் எங்கே போகும்? ஹவுசிங் கெட்டியான வார்ப்பிரும்பு, விரிய மாட்டேன் என்று நிற்கும். கன்மெட்டல் என்கிற செப்புக் கலவையில் செய்த புஷ்ஷின் சுவரோ வெறும் 3 மில்லி. அதுதான் உள்பக்கமாக ஒடுங்கும். இறுக்கத்தில் பெரும்பங்கு அப்படியே துளையில் இறங்கிவிடும். முப்பது மைக்ரான் ஒடுங்கியிருந்தால் உன் 20.010 துளை இப்போது 19.980. பின் எப்படிப் போகும்?

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பிரஸ் பண்ணுவதற்கு முன்பே துளையை ஈ6-க்கு, அதாவது 20.040-இலிருந்து 20.053-க்குள் எடுத்துவிடுவது. உள்ளே போய் ஒடுங்கின பிறகு பெரும்பாலும் எச்8-க்குள் வந்து நிற்கும். செப்புக் கலவை புஷ்களுக்கான ஐஎஸ்ஓ 4379 சொல்கிற முறை இதுதான். இன்னொன்று, நான் சின்ன வயதில் சங்ககிரி லாரிப் பட்டறையில் கற்றது. லாரியின் முன்சக்கரம் திரும்புகிற கிங்பின்னுக்கு புஷ் மேலே ஒன்று கீழே ஒன்று. இரண்டையும் கொஞ்சம் மிச்சம் வைத்து அடித்து இறக்கிவிட்டு, துளையைச் சரியான அளவுக்குச் செதுக்குகிற ரீமரில் நீளமானதாகப் பார்த்து, ஒரே நேராக இரண்டுக்கும் விட்டு எடுப்போம். தனித்தனியாக ரீம் பண்ணினால் ஒவ்வொரு புஷ்ஷும் அளவில் சரியாக இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று நேராக நிற்காது, பின் பாதியில் கவ்வும். உன் லீவரிலும் இரண்டு பக்கம் புஷ் இருக்கிறது என்று சொன்ன ஞாபகம். என்னைக் கேட்டால், அடித்த பிறகு ரீம் பண்ணு.

இப்போது ரீமர். டவுனில் டூல்ஸ் கடையில் முதல்முதலாக 20 எச்7 ரீமர் வாங்கி வந்து மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தேன். 20.013 காட்டியது. இருபது என்று போட்டு ஏமாற்றிவிட்டான் என்று மத்தியான வெயிலில் சைக்கிளில் திரும்பப் போனேன். கடைக்காரர் சிரித்தார். "ஏனுங்க, அதில் எழுதியிருப்பது ரீமரோட அளவில்லீங்க, அது போடப்போற துளையோட அளவுங்க." அன்றைக்கு முகம் சுருங்கித் திரும்பினேன். துளை எப்போதும் ரீமரைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் விழும் என்பதால், துளையின் மேல் வரம்பிலிருந்து அதன் அலவன்ஸில், அதாவது மேல் கீழ் வரம்புகளுக்கு நடுவில் இருக்கும் இடத்தில், 15 சதவீதம் கீழே ரீமரின் மேல் வரம்பை வைப்பார்கள். ரீமரைச் செய்ய ஒதுக்குவது அலவன்ஸில் 35 சதவீதம். 20 எச்7-க்கு அது 20.009-இலிருந்து 20.017 வரை. கீழே மிச்சமிருப்பது ரீமர் தேய்வதற்கான இடம்.

கன்மெட்டலில் ஒரு வம்பு இருக்கிறது. மொக்கை ரீமர் போட்டால் அது வெட்டாமல் அமுக்கித் தள்ளும், ரீமர் வெளியே வந்ததும் துளை திரும்ப ஒடுங்கும். புது ரீமரைக் கன்மெட்டலுக்கென்றே தனியாக வைத்து, முனை கொஞ்சம் போனபிறகு இரும்பு வேலைக்கு மாற்றிவிடுவேன். ரீமர் வெட்டி எடுக்க மிச்சம் 0.2 மில்லி வைத்தால் போதும். அதற்கும் ரொம்பக் குறைத்தால் உரசும், கூட்டினால் அதிரும். ட்ரில் துளையில் நேராக ரீமரை விடாமல் முதலில் போரிங் பண்ணி துளையை நேராக்கச் சொல். கோணின துளைக்குள் ரீமரும் கோணித்தான் போகும். வேகம் ட்ரில்லில் பாதிகூட வேண்டாம். எடுக்கும்போது பின்னால் சுற்றவே கூடாது.

பட்டறை போட்ட மூன்றாம் வருஷம் இருநூறு புஷ் எனக்குத் திரும்பி வந்தது உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. பெரிய ஆர்டர். கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று சித்திரை வெயிலில் ஓட்டி, லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு, துளையைச் சரிபார்க்கிற ப்ளக் கேஜை விட்டுப் பார்த்து டப்பாவில் போட்டோம். கையில் சுட்டது, ஐம்பது டிகிரி இருக்கும். அவர்கள் ஏசி அறையில் பார்த்திருக்கிறார்கள். அளவு என்பதே 20 டிகிரியில் சொல்வது. கன்மெட்டல் 25 டிகிரி ஆறினால் 20 மில்லியில் 9 மைக்ரான் சுருங்கும். எங்களிடம் உள்ளே போன கேஜ் அங்கே வாசலிலேயே நின்றுவிட்டது. தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒருத்தர் வந்து எப்படி அளந்தீர்கள் என்று கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எனக்குப் புரிய ஒரு மாசம் ஆனது. என் அப்பா, உங்கள் அப்பாருதான் மாட்டை விற்று அந்த மெட்டீரியல் கடனை அடைத்தார்.

அதனால்தான் எச்6 என்றதும் மனசு திக்கென்றது. அந்த டிராயிங் என்னைப் போல ஒரு ஆளிடம்தான் போகும். 13 மைக்ரானுக்குள் ரீமரால் நாளெல்லாம் நிறுத்த முடியாது, கல் வைத்துத் தேய்க்கிற ஹோனிங் பண்ணத்தான் வெளியே கொடுப்பான், அந்தக் காசு அவன் கூலியில் போகும். நீயோ எச்7-ஐ அப்படியே விட்டுவிட்டு, "பிரஸ் செய்த பின் ரீம் செய்யவும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இன்னொன்றும் சொல்கிறேன், லீவருக்கு கிரீஸ் போடுகிறாய் என்றால் பின்னை இன்னும் தளர்வான எஃப்7-க்கு மாற்ற முடியுமா பார். கிரீஸ் நிற்க இடம் வேண்டாமா?

நாளைக்கு ஃப்ளோருக்குப் போய் அந்த ஆபரேட்டரிடமே பேசு. பிரஸ் பண்ணுவதற்கு முன் அளவு, பிரஸ் பண்ணின பிறகு அளவு, இரண்டு முனையிலும் நடுவிலும் எடுத்து எனக்கு அனுப்பு.

அம்மா கச்சாயமும் பருப்புப் பொடியும் கட்டிக்கொண்டிருக்கிறாள், செவ்வாய்க்கிழமை கூரியரில் போடுகிறேன். அடியில் எண்ணெய்த் தாளில் சுற்றி என் 20 எச்7 ப்ளக் கேஜ் இருக்கும். கச்சாயத்தோடு சேர்த்துக் கையில் எடுக்காதே, துடைத்துவிட்டுப் பிடி. உள்ளே போகக் கூடாத சிவப்புப் பக்கம் உள்ளே போனால் எனக்குப் போன் பண்ணு.

அப்பா